வெள்ளீயம் காத்திருக்காது

"எனக்குக் காத்திருக்கிறது பிடிக்காது சார்."

"கொஞ்சம் பொறுத்துக்கோங்க, இதோ முடிஞ்சிடும்."

"நான் பொறுத்துக்குவேன். இதுங்க பொறுக்காது. பொறந்து ஒரு நாள்கூட ஆகாத குட்டிங்க. பீக்கர்ல பிரிச்சுப் போட்டுட்டு நான் இங்க நின்னுட்டிருக்கேன். நீங்க அங்க வடிகட்டிட்டே இருக்கீங்க."

"சரி. இனிமே நீங்க வர்றதுக்கு முன்னாடியே பாட்டில் உங்க மேசையில இருக்கும். போதுமா? ஒண்ணே ஒண்ணு. மேல தெளிஞ்சதை மட்டும் எடுங்க. அடியைக் கலக்காதீங்க."

"யார் அடியையும் கலக்குற பழக்கம் எனக்கில்ல."

அவர் சிரித்துவிட்டார். முகம் முழுக்கச் சிரிக்கிற ஆள் இல்லை. ஒரு பக்கம் மட்டும், அதுவும் ஏதோ கடன் வாங்கி வந்த மாதிரி, வரும்.

அவள் அந்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் நடந்த பேச்சு இது. அன்று பாட்டிலில் இருந்தது சேறும் சகதியுமான ஆற்றுத் தண்ணீர். அதற்குப் பிறகு எத்தனையோ வந்து போய்விட்டன. ஆனால் இந்தப் பேச்சை மட்டும் அவள் மடித்து மடித்து எடுத்துப் பார்த்து, மடிப்போரமெல்லாம் நைந்துபோகும்படி வைத்திருந்தாள். ஏனென்றால் காத்திருக்கப் பிடிக்காது என்று அன்று வீறாப்பாகச் சொன்னவள்தான் அன்றிலிருந்து வருஷக்கணக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள். பாட்டிலுக்காக அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு வரவேண்டும். அண்ணன் எதிரே நாற்காலியில் உட்கார வேண்டும். அவளைக் கேட்க வேண்டும். இதைச் சொல்லிவிடலாம் என்று வார்த்தை எத்தனையோ தடவை பல் வரைக்கும் வந்திருக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, என்ன தோன்றியதோ, திரும்ப மாட்டிக்கொண்டு போய்விடுகிற விருந்தாளியைப் போல உள்ளேயே திரும்பிப் போயும் இருக்கிறது.

தொழிற்சாலைகள் வெளியே விடுகிற தண்ணீர், கால்வாயிலும் குளத்திலும் இருக்கிற சின்னஞ்சிறு உயிர்களை என்ன செய்கிறது என்று பார்த்துச் சொல்வது அந்தக் கூடத்தின் வேலை. மனிதரைக் குடிக்கச் சொல்லிப் பார்க்க முடியாது. மீனை விட்டுப் பார்க்க மனசு வராது. ஆகவே டாஃப்னியாவை விட்டுப் பார்ப்பார்கள். தண்ணீர்த் தெள்ளு என்றும் சொல்வதுண்டு. கடுகைவிடச் சிறிய பூச்சி. தத்தித் தத்தி நீந்தும். உடம்பு கண்ணாடி, உள்ளே இதயம் துடிப்பதும், முதுகுப் பையில் முட்டை இருப்பதும் வெளியிலிருந்தே தெரியும். ஜன்னலோர அலமாரியில், துணி கட்டிய கண்ணாடி ஜாடிகளில், அவற்றைப் பெருக்கி வளர்ப்பது அவள் பொறுப்பு. பச்சைப்பாசி கரைத்து ஊட்டுவாள். தண்ணீர் மாற்றுவாள். வெயில் சாய்ந்தால் திரையை இழுத்துவிடுவாள். கூடத்தில் அவளுக்கு 'வளர்ப்புத்தாய்' என்றே பேர். உப்புகளை அளந்து கரைத்துக் கொடுப்பவர் அவர் என்பதால் அவருக்குக் 'கரைசல்'. இரண்டு பேரும் முகத்துக்கு நேரே சொன்னால் முறைப்பார்கள். முதுகுக்குப் பின்னால் சொன்னால் கேட்டும் கேட்காததுபோல் போவார்கள்.

சொன்ன சொல் தவறவில்லை மனிதர். பரிசோதனை நடக்கிற நாளெல்லாம், அவள் வருவதற்கு முன்பே பாட்டில் மேசையில் இருக்கும். அடியில் நாலாக மடித்த வெள்ளைத் துணி. மேலே தலைகீழாகக் கவிழ்த்த சின்னக் குவளை. அந்தத் துணியின் மடிப்பைப் பார்த்தே அவளுக்கு ஒரு நாள் ஓடிவிடும்.

'புதுசு' வரும்வரைக்கும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவளுக்கு மனசுக்குள் அவள் வைத்த பேர் அது. பெரிய படிப்புப் படித்தவள். நல்ல நிறமுமில்லை, கருப்புமில்லை; நல்ல உயரமுமில்லை, குட்டையுமில்லை; குறை சொல்ல எதுவும் அகப்படாத அந்தத் தோற்றமே ஒரு பெரிய குறையாக வளர்ப்புத்தாய்க்குப் பட்டது. புதுசு வரும்போதே துணி கட்டிய ஒரு ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். படித்த இடத்தில் வளர்த்த டாஃப்னியாவாம்.

"இதை எங்க வைக்கட்டும் அக்கா?"

அக்கா! வந்த முதல் நாளே அக்கா. வாசல் காவலாளி அண்ணா. கூட்டிப் பெருக்குகிறவர் அம்மா. மேலாளரின் கார் ஓட்டுகிறவர் அண்ணா. மத்தியானத்துக்குள் கட்டடம் முழுக்கச் சொந்தபந்தம் ஆகிவிட்டது. ஒரே ஒருவரை மட்டும் சொந்தத்தில் சேர்க்கவில்லை.

"சார், எனக்கு இந்தக் கரைசல் இப்பவே கலந்து தர முடியுமா? நான் இங்கயே நிக்கறேன்."

ஊரையெல்லாம் அண்ணா என்கிறவளுக்கு இவர் மட்டும் எப்படி சார் ஆனார்? அவளுக்கு அன்றைக்கே மூக்கில் வியர்த்தது.

அதற்குப் பிறகு கண்ணில் படுவதெல்லாம் அதுவே ஆயிற்று. கலவை அறைக் கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் உண்டு. அதன் வழியே பார்த்தால், புதுசு மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஏதோ கேட்டுக்கொண்டிருப்பாள். அவர் கண்ணாடிக் கோலால் கலக்கிக்கொண்டே பதில் சொல்வார். கலந்து முடித்ததும் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்து, கூடவே நடந்து போய், புதுசின் மேசை வரைக்கும் கொண்டுபோய்க் கொடுப்பார். ஊற்றி முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நிற்பார். ஒருநாள் அந்த ஒரு பக்கச் சிரிப்பு, இரண்டு பக்கமும் வந்ததை அவள் தன் கண்ணாலேயே பார்த்தாள்.

தன் மேசைக்குத் திரும்பினால் அங்கே மடித்த துணியின்மேல் பாட்டில் உட்கார்ந்திருக்கும். காலையிலேயே வைத்துவிட்டுப் போனது. இத்தனை வருஷம் மரியாதையாகத் தெரிந்த துணி, இப்போது பாக்கெட் பாலை வாசலில் வைத்துவிட்டுப் போகிறவனின் அவசரமாகத் தெரிந்தது. அவளுக்குச் சுடச்சுட, எனக்கு ஆறிப்போனதா?

வீட்டில் அடுப்படி அதிர்ந்தது.

"பாத்திரம் என்ன பாவம் பண்ணுச்சு?" முன்னறையில் தையல் மிஷினை நிறுத்திவிட்டு அண்ணி கேட்டாள்.

"கை நழுவிடுச்சு."

"ஒவ்வொரு பாத்திரமாவா நழுவும்? ஏன், கரைசல் கலங்கிடுச்சா?"

"அண்ணி!"

"காலையிலயே ஆரம்பிச்சாச்சா?" பேப்பருக்குப் பின்னாலிருந்து அண்ணன் குரல் வந்தது.

"நீங்க பேப்பர் படிங்க. படிக்கிற மாதிரி நடிக்காதீங்க. பக்கம் திருப்பி ரொம்ப நேரமாச்சு." அண்ணி எழுந்து அடுப்படி வாசலில் வந்து நின்றாள். வாயில் இன்னும் ஒரு குண்டூசி இருந்தது. அதை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டாள். "இங்க பாரு. வாயைத் திறந்து கேட்டுட்டா என்ன கொறைஞ்சு போவ? அவர் என்ன உன் ஜாடிப் பூச்சியா, உள்ள என்ன இருக்குன்னு வெளியிலேருந்தே தெரியறதுக்கு?"

"அவரே கேக்கட்டும்."

"அவர் கேக்கறதுக்குள்ள நம்ம குட்டிக்கே மாப்பிள்ளை பாத்துடுவோம்."

குட்டி என்கிற அண்ணன் மகள் நாலாம் வகுப்பு. காலுறையைத் தேடிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "எனக்கு வேணாம்," என்றாள். பிறகு, "அத்தை, உன் பூச்சியில எல்லாமே பொண்ணுதானே? மிஸ்கிட்ட சொன்னேன், நம்பவே இல்ல," என்றாள்.

"எல்லாம் பொண்ணுதான். சாப்பாடு, வெளிச்சம், இடம் எல்லாம் நல்லா இருக்கிற வரைக்கும் பொண்ணு மட்டும்தான் பொறக்கும். நெலமை மோசமானாத்தான் ஆம்பளப் பூச்சி வரும்."

"கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள் அண்ணி, பேப்பரைப் பார்த்து. "பூச்சிக்கே தெரிஞ்சிருக்கு."

சிரிப்பு அடங்கிய பிறகும் அவள் நெஞ்சில் அந்த முள் இருந்தபடியே இருந்தது. கேட்டால் என்ன குறைந்துபோவாள்? முன்பானால் ஒன்றும் குறையாது. இப்போது கேட்டு, அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டால்?

இந்தச் சமயத்தில்தான் வெள்ளீயம் வந்து சேர்ந்தது. ஊருக்கு வெளியே டப்பா செய்கிற ஆலை ஒன்று. இரும்புத் தகட்டுக்கு வெள்ளீயம் பூசுகிறார்கள். கழுவி விடுகிற தண்ணீரில் வெள்ளீய உப்பு கலந்து கால்வாய்க்குப் போகிறது. எவ்வளவு கலந்தால் டாஃப்னியா இரண்டு நாளைக்குள் முடங்கிப்போகும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பெரிய வேலையென்றால் இரண்டு மேசையில் இரண்டு பேர் தனித்தனியாகச் செய்து, இரண்டு விடையும் ஒத்துப்போக வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஒரு மேசை அவளுடையது, அவள் ஜாடிப் பூச்சிகளோடு. இன்னொன்று புதுசு, தன் ஜாடியோடு.

செத்துவிட்டதா என்று பார்ப்பதில்லை; அவ்வளவு சின்ன உயிரில் அதை யார் சொல்ல முடியும்? பீக்கரை லேசாகச் சுழற்றிவிட்டுக் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பார்கள். நீந்தினால் சரி. நீந்தாவிட்டால் 'அசையவில்லை' என்று எழுதுவார்கள்.

இரண்டாம் நாள் முடிவில் புதுசின் பீக்கர்களில் பாதிக்குமேல் அசையவில்லை. அவளுடையதில் எல்லாம் கல்யாண வீட்டுக் குழந்தைகள் மாதிரி குதித்துக்கொண்டிருந்தன.

அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. மறைப்பானேன்? படித்துக் கிழித்தவளின் ஜாடி படுத்துவிட்டது. தன் குட்டிகள் நிற்கின்றன. மறுபடி செய்யச் சொன்னார் மேலாளர். மறுபடி செய்தார்கள். மறுபடியும் அங்கே படுக்கை, இங்கே குதியாட்டம்.

"அக்கா, ஒண்ணு பண்ணலாமா?" புதுசு வந்து நின்றாள். "உங்க பூச்சியை என் மேசையிலயும், என்னோடதை உங்க மேசையிலயும் மாத்தி விட்டுப் பாக்கலாம். தப்பு எங்கன்னு தெரிஞ்சிடும்."

நல்ல யோசனை. அவளுக்கே தோன்றியிருக்க வேண்டிய யோசனை. அதனால்தானோ என்னவோ, பொத்துக்கொண்டு வந்தது.

"என் குட்டிங்க உன் மேசைக்கு வராது."

"ஏன்க்கா?"

"வராதுன்னா வராது."

 புதுசு தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். இந்த மறுப்பு மேலாளர் காதுக்கு எப்படிப் போயிற்றோ, போயிற்று. கண்ணாடிச் சுவர் கட்டின கட்டடத்தில் எது நிற்கும்?

மறுநாள் மேலாளர் அவள் மேசைக்கே வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் பதில் கேட்டு ஆலைக்காரர்கள் காலையிலிருந்து போன் செய்துகொண்டிருந்தார்கள். கூடவே புதுசும், கரைசல் கலக்குகிற அவரும் வந்து நின்றார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே உப்பு. ரெண்டு மேசையில ரெண்டு கதை. எனக்கு என்ன தோணுதுன்னா, உங்க ஜாடியிலதான் கோளாறு. வருஷக்கணக்கா ஒரே வம்சம். மரத்துப்போயிருக்கும். வெஷம் ஏற மாட்டேங்குது."

"மரத்துப்போகல சார். நேத்து ஒவ்வொரு ஜாடியா லென்ஸ் வெச்சுப் பாத்துட்டேன். ஒரு ஆம்பளப் பூச்சிகூட இல்ல. கஷ்டத்துல இருந்தா ஆம்பள வந்திருக்கும். என் குட்டிங்க நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏன் மாத்திப் பாக்க விட மாட்டேங்கறீங்க?"

அவள் ஒரு ஜாடியின் வாய்த்துணியை இழுத்துச் சரிசெய்தாள்.

"வேற வழியில்லம்மா. எல்லாத்தையும் கொட்டிட்டு, ஜாடியைக் கழுவி, இவங்க கொண்டுவந்ததையே பெருக்கிக்கலாம். நாளையிலேருந்து."

ஜன்னலோரம் வெயில் ஜாடிகளுக்குள் இறங்கியிருந்தது. உள்ளே அவை அத்தனையும், தங்களைப் பற்றித்தான் பேச்சு என்று தெரியாமல், தத்திக்கொண்டிருந்தன. தன் ஜாடிகளைக் கழுவி, அதில் அவளுடையதை விடுவதா? கலவை அறையைக் கொடுத்தாயிற்று, சிரிப்பைக் கொடுத்தாயிற்று, இப்போது ஜாடியும் வேண்டுமாமா? அவளுக்கு வயிறு தீப்பற்றிக்கொண்டது. அது வாய் வழியாகத்தான் வெளியேறியாக வேண்டும்.

"ஏன் சார், கோளாறு என் ஜாடியிலதான் இருக்கணுமா? கொடுக்கிற கையில இருக்கக்கூடாதா? இவளுக்கு மட்டும் அப்பப்போ கலந்து, சூடு ஆறாம, கையோட கொண்டுவந்து, ஊத்தி முடிக்கற வரைக்கும் பக்கத்துலயே நிக்கறாரு. எனக்கு? காலையிலயே கொண்டுவந்து கடனேன்னு வெச்சுட்டுப் போயிடறாரு. நான் குட்டிங்களைப் பிரிச்சு முடிச்சு எடுக்கறப்ப சாயங்காலம் ஆயிடுது. அவளுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

சொல்லி முடித்த பிறகுதான் தன் காதிலேயே விழுந்தது.  மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

"என்ன சொன்னீங்க?" புதுசுதான் முதலில் வாயைத் திறந்தாள். "காலையிலேருந்தா?"

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

புதுசு மேசைப் பக்கம் நெருங்கி வந்தாள். மேசைமேல் மடித்த துணியில் உட்கார்ந்திருந்த பாட்டிலை, தூங்குகிற குழந்தையைத் தூக்குகிற மாதிரி மெல்லத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மேலே பளிங்குத் தண்ணீர். அடியில் வெள்ளை வெளேரென்று, மாவு கரைத்த பாத்திரத்தில் தங்கினது போல, ஒரு படிவு.

"அக்கா, நீங்க எடுக்கறப்போ குலுக்குவீங்களா?"

"அடியைக் கலக்கக்கூடாதுல்ல? மேல தெளிஞ்சதைத்தான் எடுப்பேன்."

"யாரு சொன்னது?"

அவள் அவரைப் பார்த்தாள். அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

"நான்தான்," என்றார். "ஆத்துத் தண்ணிக்குச் சொன்னது. அது... எப்பவோ சொன்னது."

பிறகு அவரே விளக்கினார். தாமிர உப்பு, துத்தநாக உப்பு எல்லாம் தண்ணீரில் கரைந்தால் கரைந்ததுதான், அங்கேயே இருக்கும், காலையில் எடுத்தாலும் ஒன்று, மாலையில் எடுத்தாலும் ஒன்று. அதனால் இத்தனை நாள் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வெள்ளீயம் அப்படியில்லை. தண்ணீரில் நிற்க நிற்க வெள்ளையாகத் திரிந்து, கொஞ்சம் கொஞ்சமாக அடியில் போய் உட்கார்ந்துவிடும். புதுசு எடுத்தது அப்போதே கலந்தது. விஷம் முழுக்கத் தண்ணீரில் இருந்தது. அவள் எடுத்தது மேல்தண்ணீர். அதில் பெயருக்குத்தான் வெள்ளீயம்.

"கலங்கும்னு தெரியும் சார். எடுக்கறதுக்கு முன்னாடி குலுக்கிடுவாங்கன்னு நெனச்சேன்," என்றார் மேலாளரிடம். "குலுக்கச் சொல்லணும்னு எனக்குத் தோணல."

அவர் சொன்னதை அவள் மறக்கவில்லை. அவள் சொன்னதை அவர் மறக்கவில்லை. இரண்டு பேரும் ஒருத்தர் பேச்சை ஒருத்தர் தட்டாமல் இருந்ததில் வந்த வினை.

"அப்போ அடியில உக்காந்துட்டா ஆபத்தில்லைன்னு ஆலைக்குச் சொல்லிடலாமா?" என்றார் மேலாளர், ஒரு நப்பாசையோடு.

"உக்காந்தது எங்கயும் போயிடல சார்," என்றாள் புதுசு. "கால்வாய்ல ஒருத்தர் இறங்கிக் கலக்குற வரைக்கும் அங்கயேதான் இருக்கும்."

நாளைக் காலை இரண்டு மேசையிலும் புதுக்கரைசலோடு மறுபடி ஆரம்பிப்பது என்றும், ஜாடியை யாரும் தொட வேண்டாம் என்றும் முடிவாயிற்று. மேலாளர் போகும்போது, "நல்லவேளை, நீங்க கோவப்பட்டீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அவளுக்கு அதைவிடத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பாத்திரம் கழுவுகிற தொட்டியடியில் அவள் பீக்கர்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்ததையே தேய்த்துக்கொண்டிருந்தாள். புதுசு வந்து பக்கத்துக் குழாயைத் திறந்தாள்.

"அக்கா, அந்த பீக்கர் கரைஞ்சு போயிடும்."

"என்ன வேணும் உனக்கு?"

"சார்கிட்ட நான் ஏன் நிக்கறேன்னு கேக்க மாட்டீங்களா?"

"நீ எங்க நின்னா எனக்கென்ன?"

"படிக்கறப்ப ஒரு தடவை பழைய கரைசலை எடுத்து மாட்டிக்கிட்டேன். அதுலேருந்து எந்த உப்பா இருந்தாலும் பக்கத்துல நின்னு வாங்கிடுவேன். அவ்வளவுதான்."

"அதுக்கு அவ்வளவு சிரிப்பு எதுக்கு?"

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். புதுசு குழாயை மூடினாள்.

"அன்னைக்கா? நீங்க சேர்ந்த புதுசுல 'யார் அடியையும் கலக்குற பழக்கம் எனக்கில்ல'ன்னு சொன்னீங்களாமே. அதைச் சொல்லிட்டுச் சிரிச்சாரு. எல்லாமே உங்க கதைதான்க்கா. எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு."

அவள் கையிலிருந்த பீக்கர் தொட்டிக்குள் நழுவியது. நல்லவேளை, உடையவில்லை.

"இருக்கட்டும். இங்க எல்லாரையும் அண்ணா அண்ணாங்கற. அவரை மட்டும் ஏன் சார்ங்கற?" விடுகிற மாதிரி இல்லை அவள். சந்தேகம் என்று வந்த பிறகு கடைசி மூட்டையையும் அவிழ்த்துப் பார்த்துவிட வேண்டியதுதானே?

புதுசு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். "உங்களை வந்த அன்னைக்கே அக்கான்னுட்டேன். அவரை அண்ணான்னா, நீங்க ரெண்டு பேரும் என்ன ஆவீங்க?"

அவள் யோசித்தாள். யோசித்ததும் காது மடல்வரை சூடேறியது.

"அதான். அவர் உங்க பாட்டிலுக்குத் துணி மடிக்கறதை முதல் நாளே பாத்தேன். அப்படி மடிக்கறவரை அண்ணா ஆக்குனா பாவம் வந்து சேரும். மாமான்னு கூப்பிடலாம்னா நீங்க ரெண்டு பேரும் ஒரு வழியா முடிவு பண்ண மாட்டேங்கறீங்க. அதுவரைக்கும் சார்தான்." கையை உதறிவிட்டுக் கிளம்பினாள். வாசலில் நின்று, "சீக்கிரம் சொல்லுங்கக்கா. சார் சார்னு எனக்கு வாய் வலிக்குது," என்றாள்.

மறுநாள் காலை அவள் மேசை வெறுமையாக இருந்தது. துணியும் இல்லை, பாட்டிலும் இல்லை. புதுக்கரைசல் என்று முடிவானது தெரிந்தும், அந்த வெறும் பலகையை ஒரு தடவை கையால் தடவிப் பார்த்தாள். குட்டிகளைப் பிரித்து பீக்கர்களில் விட்டாள். பிறகு, எத்தனையோ நாள் வெளியிலிருந்து எட்டிப் பார்த்த அந்தக் கண்ணாடிச் சதுரத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அவர் மேசைக்குக் குனிந்து கண்ணாடிக் கோலால் கலக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு பாட்டில்கள் வாய் திறந்து நின்றன.

"நானே கொண்டுவர்றேன். நீங்க போங்க. உங்களுக்குக் காத்திருக்கப் பிடிக்காதே."

"பரவாயில்ல. நிக்கறேன்."

நின்றாள். புதுசு முழங்கையை ஊன்றுகிற அதே இடத்தில், கொஞ்சம் கூடுதலாகவே இடத்தை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டுல எனக்கு எது?"

"எதுனா என்ன? ரெண்டும் ஒண்ணுதானே."

"எனக்கு முதல்ல ஊத்துங்க."

அந்த ஒரு பக்கச் சிரிப்பு வந்தது. முதல் பாட்டிலில் ஊற்றினார். தண்ணீர் தெளிவாக, ஒன்றும் கலக்காததுபோல் இருந்தது.

"இப்போ தெளிவா இருக்கும்," என்றார். "சீக்கிரம் எடுத்துடணும். வெள்ளீயம் காத்திருக்காது." கோலைத் துடைத்துக் கீழே வைத்தார். துடைத்த கோலையே எடுத்து மறுபடி துடைத்தார். "நேத்து நீங்க சொன்னீங்களே. கடனேன்னு வெச்சுட்டுப் போறேன்னு."

"அது ஏதோ கோவத்துல..."

"இல்ல. நான் சொல்லிடறேன். அன்னைக்குக் காத்திருக்கப் பிடிக்காதுன்னீங்க. என் பக்கத்துல வந்து நிக்கறது உங்களுக்குப் பிடிக்கலன்னு எடுத்துக்கிட்டேன். அதனாலதான் நீங்க வர்றதுக்கு முன்னாடியே வெச்சுட்டு ஓடிப்போயிடுவேன். தொந்தரவா இருக்கக்கூடாதுன்னு."

"இத்தனை வருஷமா?"

"சொன்ன சொல்லைக் காப்பாத்தறேன்னு நெனச்சேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே தலையில் அடித்துக்கொள்ளவும் தோன்றியது. வெளியே, கண்ணாடிச் சதுரத்துக்கு அப்பால், புதுசு ஏதோ தேடுகிற பாவனையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டிருந்தாள். பார்த்துக்கொள்ளட்டும். இத்தனை நாள் தான் பார்க்கவில்லையா?

அவர் பாட்டிலை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார். அவளும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவர் விட்டுவிடவில்லை, அவளும் இழுக்கவில்லை. இருவர் கைக்கும் நடுவே பாட்டிலின் அடியில் மெல்லிய வெண்மை ஒன்று, சுவாசம் பட்ட கண்ணாடி மாதிரி, படரத் தொடங்கியிருந்தது. இதற்குமேல் நின்றால் இதுவும் போய் உட்கார்ந்துவிடும். பல் வரைக்கும் வந்து நின்ற அந்தப் பழைய விருந்தாளியை, இந்தத் தடவை அவள் திரும்பிப் போக விடவில்லை.

"வர்ற ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வந்து," என்றாள், "எங்க அண்ணன்கிட்ட என்னைக் கேக்கறீங்களா?"